உலுகோர்சுக்கைப் பிறப்பிடமாகவும்

சண்முகநாதர் ஓர் உருசியப் பெண்ணைத் தம் மருமகளாக ஏற்றுக்கொண்டதற்கு முதற்காரணம், அவளுடைய பெயரில் இலக்கணப் பிழை இல்லாமையே. வேரா. வகரத்தில் தொடங்கி ஆகாரத்தில் முடிகிறது. கூடத் தகாத மெய்கள் எவையும் நடுவில் கூடவில்லை. சொந்த மகனின் பெயரைப்பற்றி அவர் அவ்வாறு சொல்ல இயலாது. பிள்ளை பிறந்தபோது அவர் விடைத்தாள் திருத்தக் கொழும்புக்குப் போயிருந்த சமயம் பார்த்து, மைத்துனன் ஒருவன் பதிவுக்காரரிடம் சென்று 'பிரசாந்' என்று பதிந்துவிட்டான். தமிழில் நகர மெய்யில் முடியும் சொற்கள் பொருந், வெரிந் என இரண்டே இரண்டு. மூன்றாவது தம் வீட்டிலேயே முப்பத்தாறு ஆண்டுகளாகச் சோறு தின்று வருவதை அவர் பொறுத்துக்கொண்டிருந்தார்.

கனடாவின் உரொறன்ரோவில், மில்லிக்கன் பகுதியில் குடும்பத்துக்கு வீடு. அப்பெயரிலும் பிழை இல்லை. மகன் முதலில் ரூஜ் என்ற பகுதியில்தான் வீடு பார்த்தான். மொழிக்கு முதலில் வரக்கூடாத எழுத்தில் தொடங்கி, மொழியிலேயே இருக்கக்கூடாத எழுத்தில் முடியும் ஓரிடத்திலிருந்து தாம் ஒருவருக்கும் கடிதம் எழுத மாட்டார் என்று சண்முகநாதர் சொல்லிவிட்டார். வீடு கைமாறிப் போயிற்று.

வேரா முதியோர் இல்லம் ஒன்றில் தாதியாக வேலை செய்தாள். அங்கிருந்த யாழ்ப்பாணத்துக் கிழவர் கிழவியரிடமே தமிழ் பழகினாள். ஆகையால் முப்பது வயதுப் பெண்ணின் வாயிலிருந்து எண்பது வயதுத் தமிழ் வந்தது. இதுவும் சண்முகநாதருக்குப் பிடித்திருந்தது.

திருமணத்துக்கு ஏழு கிழமைகள் இருந்தபோது அவள் வந்து, சோபாவின் விளிம்பில் குந்தினாள்.

"மாமா, ஒரு அலுப்புக் கதை. கார்டிலை எங்கடை ஊர்ப் பேர் போடவேணுமாம் எண்டு அம்மா நிக்கிறா. லுகோர்ஸ்க். போடாட்டி கலியாணத்துக்கு வரமாட்டாவாம். கிராமம் எண்டு போட்டாலும் வரமாட்டாவாம்."

"சும்மா வெருட்டுறாவாக்கும்," என்றாள் சண்முகநாதரின் மனைவி தவமணி.

"இல்லை மாமி. அவ சொன்னால் சொன்னதுதான். என்ரை பட்டமளிப்புக்கும் வரேல்லை. அந்தப் பத்திரத்திலை பிறந்த இடம் கிராமம் எண்டு அடிச்சிருந்தவங்கள். அப்பாவும் இல்லை, எனக்கு வேறை ஆர் இருக்கினம்?"

அவள் அழவில்லை, மூக்கை மட்டும் இருமுறை உறிஞ்சினாள். பெற்ற தாய் வராத மணவறையில் அந்தப் பெண் எப்படி உட்காருவாள் என்று எண்ணிய சண்முகநாதர், அழைப்பிதழின் தமிழ்ப்பகுதி தம் பொறுப்பு என்பதால், தாயை வரவழைப்பதும் தம் பொறுப்பே என்று அக்கணமே முடிவு கட்டினார்.

"அம்மாவைக் கூட்டிக்கொண்டு வாரும் பிள்ளை. ஆதாரங்களோடை வரச்சொல்லும்."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை தாய் கலீனா வந்தாள். அகன்ற தோள்கள், வெட்டிய நரை, நெஞ்சோடு அணைத்த பதினொரு பக்கங்கள். சொந்த ஊரின் சிறு அருங்காட்சியகத்தை முப்பத்தோராண்டு காத்தவள் அவள். கனடாவுக்கு வந்து நான்கு ஆண்டுகள் ஆகியும் எதையோ காத்துக்கொண்டிருப்பவள் போலவே நின்றாள். சாப்பாட்டு மேசையில் தாய் படிக்க, மகள் தமிழாக்க, ஊரின் வரலாறு தவமணியின் வடைத்தட்டுக்கு மேலாக அரங்கேறியது.

ஆயிரத்து நூற்று நாற்பத்தாறாம் ஆண்டைப்பற்றித் துறவி ஒருவர் எழுதிவைத்த குறிப்பில் அவ்வூர் ஒரே ஒரு வரியில் வருகிறது: இளவரசன் லுகோர்ஸ்கில் தேன்மது வழங்கிப் போனான். இளவரசன் யார், ஏன் வழங்கினான், எங்கே போனான் என்பன தெரியா. ஊரின் இடைக்காலப் பெருமை முழுவதும் அந்த ஒரு மிடாத் தேன்மதுவில் மிதந்தது.

நூறாண்டு கழித்துத் தாத்தாரியர் படையெடுத்துச் சுற்றியிருந்த ஊர்களையெல்லாம் எரித்தனர். இவ்வூரை எரிக்கவில்லை. இளவேனிற் சேற்றில் அவர்களுக்கு வழி பிடிபடவில்லை. சண்முகநாதர் இதை நற்பேறென்று கருதித் தலையசைத்தார். கலீனாவின் முகம் சிவந்தது. அது நற்பேறு அன்றாம்; தீராத அவமானமாம். எரிபட்ட ஊர்களெல்லாம் நினைவுத்தூண் நாட்டிக்கொண்டு, "உங்களை எரிக்கவும் ஒருத்தன் வரேல்லையே" என்று எழுநூறு ஆண்டுகளாக நையாண்டி பண்ணுகின்றனவாம். பிற்பாடு பாண் சுடும் போறணையின் நெருப்பைக் கவனியாமல் தூங்கிப்போன ஒரு துறவியால் ஊர் தானாகவே எரிந்தது. ஆனால் அது கணக்கில் சேராதாம்.

பின்னொரு காலத்தில் பேரரசி ஒருத்தியின் வண்டிச்சக்கரம் அதே சேற்றில் உடைந்தது. திருத்தி முடியும்வரை மூன்று மணிநேரம் வேறு வேலையின்றி இருந்த அவள், அவ்விடத்தை நகரமென்று அறிவித்து, உடைந்த சக்கரத்தின்மேல் ஒரு வாத்து நிற்பதாகச் சின்னமும் அளித்தாள். நூற்றைம்பது ஆண்டு நகரமாய் இருந்தார்கள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தாறில் குடிமதிப்பு எடுக்க அலுவலர் வந்தது, ஒரு மழைக்கு மறுநாள். ஊரார் அனைவரும் காளான் பறிக்கக் காட்டுக்குப் போயிருந்தனர். வீட்டில் அகப்பட்டவர்களை எண்ணிப் பார்த்த அலுவலர், இது நகரம் அன்று, கிராமம் என்று எழுதிவிட்டுப் போனார்.

"காளானாலை கெட்டுப்போச்சுது," என்றாள் தவமணி, உண்மையான வருத்தத்தோடு.

"அம்மா முப்பத்தொரு வருசம் கடிதம் எழுதினவ மாமி. மந்திரிமாருக்கு, ஆளுநருக்கு, ஆருக்கெண்டில்லை. ஒரு பதிலும் வரேல்லை. கடைசியாய் ஒரு பேராசிரியர் வந்து எல்லாத்தையும் குழப்பிப்போட்டான்."

அப்பேராசிரியரின் வாதம் கேட்போரைப் பதறச் செய்வது. துறவியின் வரியிலுள்ளது ஊர்ப்பெயரே அன்றாம். 'புல்மேட்டாருக்கு' என்று பொருள்படும் வெறும் நான்காம் வேற்றுமைச் சொல்லாம். இளவரசன் ஏதோ ஒரு புல்மேட்டில் மாடு மேய்த்துக்கொண்டிருந்தோருக்குத் தேன்மது வழங்கினான், அவ்வளவே. ஊரே இல்லை.

சண்முகநாதர் எழுந்து நின்றார். உருசிய மொழியில் அவருக்கு ஓர் எழுத்தும் தெரியாது. ஆயினும், ஓர் ஊரை வேற்றுமை உருபாக்கி விழுங்கிய ஒருவனைப் பேராசிரியன் என்று அழைக்கும் நாட்டின் கல்வித் தரத்தை எண்ணி அவருக்கு உடல் நடுங்கியது.

"பெயர்ச்சொல்லுக்கும் உருபேற்ற சொல்லுக்கும் வித்தியாசம் தெரியாதவனுக்கு ஆர் பட்டம் குடுத்தது? கேளும் பிள்ளை, அம்மாவைக் கேளும்!"

வேரா கேட்டாள். கலீனா முதன்முறையாகச் சண்முகநாதரை நேராகப் பார்த்தாள். பிறகு ஏதோ சொன்னாள்.

"உங்களுக்கு எத்தினை வேற்றுமை எண்டு கேக்கிறா. ரஷ்ய பாசையிலை ஆறாம்."

"எட்டு," என்றார் சண்முகநாதர் அடக்கமாக.

கலீனா விரல்விட்டு எண்ணிப் பார்த்து, மகளிடம் ஏதோ கேட்டாள். "எட்டாவது என்னவாம் மாமா?"

"விளி. ஒருத்தரைக் கூப்பிடுறது."

"அது முந்தி அவையளுக்கும் இருந்ததாம். இப்ப கடவுளைக் கூப்பிட மட்டுந்தான் மிச்சமாம்."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துத் தலையசைத்துக்கொண்டனர். அன்று கலீனா ஆறு வடை சாப்பிட்டாள். போகும்போது, நகரம் என்ற சொல்லோடு ஊர்ப்பெயரைச் சண்முகநாதர் தம் கையால் எழுதி, அது அச்சிலும் வந்தால் திருமணத்துக்கு வருவதாக மகள்மூலம் உறுதி கூறினாள்.

இனிப் பெயரைத் தமிழாக்க வேண்டும். 'லுகோர்ஸ்க்' என்று எழுதுபவன் தமிழ் எழுதுபவன் அல்லன். லகரம் மொழிக்கு முதலில் வாராது. வரவேண்டுமாயின் முன்னால் இகரமோ உகரமோ துணைக்கு வரல் வேண்டும். சொல் வல்லின மெய்யில் முடியாது. ஆகவே இறுதியில் உகரம். வடவெழுத்துக்கு விடை கொடுத்தாயிற்று. உலுகோர்சுக்கு! அப்பெயரை மூன்றுமுறை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தார். வாய்க்கு இதமாக இருந்தது. அதன்பின் அவர் எழுதிய தொடர் இது: 'உருசிய நாட்டின் தொன்னகர் உலுகோர்சுக்கைப் பிறப்பிடமாகவும் உரொறன்ரோவை வதிவிடமாகவும் கொண்ட செல்வி வேரா.'

தவமணி கண்ணாடியைப் போட்டுப் படித்தாள். பிறகு கண்ணாடியைக் கழற்றினாள்.

"இஞ்சேருங்கோ, உது செத்தவீட்டு நோட்டீசிலை போடுறதெல்லே! பிறப்பிடமாகவும் வதிவிடமாகவும் எண்டால், அடுத்தது 'காலமானார்' எண்டுதானே சனம் தேடும்?"

"தவமணி, அந்தத் தொடர் செத்த ஆக்களுக்கு மட்டும் எண்டு எந்த இலக்கணத்திலையும் இல்லை. நல்ல தொடர். உயிரோடை இருக்கிறவையும் அனுபவிக்கட்டும்."

"சரி, உதென்ன சுக்கு? மிளகு, திப்பிலியும் வருமோ?"

சண்முகநாதர் சட்டையை மாட்டிக்கொண்டு புறப்பட்டார். ஸ்ரீல்ஸ் தெருவோரக் கடைத்தொகுதியொன்றில் அச்சகம் வைத்திருந்த அன்புராசாவிடம் தம் கையெழுத்துப் பிரதியைக் கொடுத்தார். மாதிரித்தாள் வந்தது, மூன்று ஒற்றுப்பிழைகளைச் சிவப்பு மையில் திருத்தி, 'அச்சிடுக' என்று எழுதிக் கையொப்பமிட்டார். ஒரு வெள்ளிக்கிழமை பெட்டிகள் வந்தன. அவருக்கு அன்று பல் பிடுங்கிய வலி. பெட்டியைத் திறந்தவள் தவமணி. சனியும் ஞாயிறுமாகக் கோயில், உறவினர் வீடு, யூனியன்வில்லிலுள்ள அவளுடைய தமக்கை வீடு என்று இருநூற்று நாற்பது அழைப்பிதழ்களைக் கொடுத்து முடித்தாள்.

திங்கட்கிழமை காலை வீரக்குட்டியின் தொலைபேசி வந்தது. அவர் மட்டக்களப்பார், தமிழர் தொன்மைப் பேரவையின் தலைவர். மனித குலம் முதன்முதலில் எங்கே தோன்றியது என்பதில் அவருக்கு ஐயமே கிடையாது.

"என்ன மாஸ்டர், நீங்களே இப்பிடிச் செய்யலாமா? இருவது வருசமா நாங்க கூட்டம் போட்டுக் கத்துறம், உலகத்து ஆக்களெல்லாம் தமிழ் மண்ணிலதான் பிறந்த எண்டு. நீங்க ரஷ்யாவுக்குத் தூக்கிக் குடுத்திட்டீங்க. மறுகா நான் எந்த மூஞ்சோட கலியாணத்துக்கு வாற?"

"என்ன கதைக்கிறியள் வீரக்குட்டி?"

"கார்டைப் பாருங்க மாஸ்டர். நீங்க எழுதினதுதானே!"

சண்முகநாதர் பார்த்தார். 'உருசிய நாட்டின் தொன்னகர் உலகோருக்குப் பிறப்பிடமாகவும் உரொறன்ரோவை வதிவிடமாகவும் கொண்ட செல்வி வேரா.'

பல்வலி அக்கணமே நின்றது. உலகோருக்கு! ஒரு நகரம் முழுவதும் ஒரு குவ்வுருபுக்குள் மறைந்துவிட்டது. தாத்தாரியரால் இயலாததை, குடிமதிப்பு அலுவலர் அரைகுறையாகச் செய்ததை, அந்தப் பேராசிரியர் வாதத்தால் மட்டும் சாதித்ததை, தம்முடைய பெயரால் வெளிவந்த அச்சு முழுமையாக நிறைவேற்றியிருந்தது. அதுவும் அதே நான்காம் வேற்றுமையால்! போதாதற்கு, 'கொண்ட' என்னும் எச்சம் தனக்குரிய இரண்டாம் வேற்றுமை கிடையாமல் நடுத்தெருவில் நின்றது.

அன்புராசா அச்சகத்தில் கணினியின் முன் இருந்தார். குற்றவுணர்வின் சாயலும் இல்லை. மாறாக, நன்றியை எதிர்பார்ப்பவரின் புன்னகை.

"ஓம் மாஸ்டர், அது நான்தான். 'சுக்கை' எண்டு கிடந்தது. மாஸ்டர் ஒருக்காலும் பிழை விடாத ஆள், கலியாண அலுப்பிலை கை தவறிப்போச்சுது எண்டு விளங்கிட்டுது. போன் பண்ணிச் சொன்னால் உங்களுக்கு வெக்கமாய் இருக்குமெல்லே. அதுதான் நீங்கள் கையெழுத்து வைச்ச பிறகு, ஆருக்கும் தெரியாமல் நானே திருத்தி விட்டனான்."

"ஐசே, அது ஒரு ஊர்!"

"உலுகோர்சுக்கோ?"

"உலுகோர்சுக்கு!"

"அப்ப அந்த ஊருக்குப் போறதெண்டால், உலுகோர்சுக்குக்குப் போறன் எண்டோ சொல்லுறது?"

"அப்பிடித்தான் சொல்லவேணும்!"

அன்புராசா சிறிது சிந்தித்தார். "ஒருத்தரும் போகாயினம் மாஸ்டர்," என்றார்.

வீடு திரும்பியபோது வேரா தொலைபேசியில் காத்திருந்தாள். பிரசாந் ஓர் அழைப்பிதழைக் கலீனாவிடம் கொடுத்துவிட்டான். வேராவுக்குத் தமிழ் பேச வருமேயன்றிப் படிக்க வராது. பிரசாந்துக்கு அதுவும் அரைகுறை. எனவே புதன்கிழமை மாமாவே வந்து, தன் ஊர் எழுதப்பட்ட வரியை வாசித்துக் காட்ட வேண்டுமென்று தாய் கேட்கிறாளாம். திருமணத்துக்கு இன்னும் ஒன்பது நாள்.

"சும்மா உங்கடை உலுகோர்சுக்கை வாசிச்சுப்போட்டு வாங்கோ," என்றாள் தவமணி. "ரெண்டு பேருக்கும் எழுத்துத் தெரியாது. அந்தப் பிள்ளையின்ரை தாய் வரவேணும், அவ்வளவுதான் எனக்கு."

வழியெல்லாம் சண்முகநாதர் அவ்வாறே செய்வதென்று தமக்குள் சொல்லிக்கொண்டார். எளிய செயல். கண் ஒன்றைக் காணும், வாய் வேறொன்றைச் சொல்லும். அரசியல்வாதிகள் நாள்தோறும் செய்கின்றனர்.

கலீனாவின் அடுக்குமாடி வீட்டில் மேசைக்கு வெள்ளை விரித்திருந்தது. தேநீர், செர்ரிப் பழப்பாகு, வாத்தும் சக்கரமும் பொறித்த ஒரு சிறு தட்டு. நடுவில் அழைப்பிதழ், அருங்காட்சியகப் பொருளைப் போலத் தனியாக. வேரா தாயின் நாற்காலிக்குப் பின்னால் நின்றாள். அவளுடைய விரல்கள் நாற்காலியின் முதுகை இறுகப் பிடித்திருந்தன.

சண்முகநாதர் அட்டையை எடுத்தார். தொண்டையைச் செருமினார். "உருசிய நாட்டின் தொன்னகர்," என்று தொடங்கினார். அடுத்த சொல்லில் கண் விழுந்தது. நாற்பது ஆண்டுகள் மாணவரிடம் 'உள்ளதை உள்ளபடி வாசி' என்று மேசையில் தட்டிய வாய் அது. எவ்வளவு முயன்றும் உலுகோர்சுக்கு வரவில்லை.

"உலகோருக்குப் பிறப்பிடமாகவும்," என்று வாசித்து, அட்டையைக் கீழே வைத்தார். "பிள்ளை, பிழை நடந்துபோச்சுது. உங்கடை ஊர்ப் பேர் இதிலை இல்லை. அச்சுக்காரன் மாத்திப்போட்டான். அம்மாட்டை மறைக்காமல் சொல்லும்."

வேராவின் முகம் வெளிறியது. அவள் சொன்னாள். கலீனா அட்டையைத் தன் பக்கம் இழுத்தாள். அவ்வரியின்மேல் விரலை வைத்து ஒரு கேள்வி கேட்டாள்.

"பேருக்குப் பதிலாய் என்ன போட்டிருக்கெண்டு கேக்கிறா. அது என்ன வேற்றுமையாம்?"

"நான்காம் வேற்றுமை," என்றார் சண்முகநாதர், தூக்குத்தண்டனையைத் தாமே வாசிப்பவர் போல.

கலீனா கண்ணை மூடினாள். "அந்தப் பேராசிரியன்ரை வேற்றுமையோ?" என்று மகள்மூலம் கேட்டாள்.

"அதுவேதான்."

"முழு வரியுமாய் என்ன கருத்து, மாமா?"

"ரஷ்யாவின்ரை பழைய நகரம், உலகத்து ஆக்கள் எல்லாருக்கும் பிறந்த இடம் எண்டு வருகுது."

வேரா அதை மெல்ல மெல்ல உருசியமாக்கினாள். இடையில் கலீனாவின் கண் திறந்தது. மறுபடியும் சொல்லச் சொன்னாள். பின் எழுந்து யன்னல்வரை நடந்து திரும்பினாள். கழுத்திலிருந்து நெற்றிவரை செம்மை ஏறியது. அது சினமா வேறொன்றா என்று சண்முகநாதருக்குப் புரியவில்லை. பிறகு அவள் பேசத் தொடங்கினாள்; நிறுத்தவில்லை.

"முப்பத்தொரு வருசமாய்த் தான் நகரம் எண்ட ஒரு சொல்லுத்தான் கேட்டதாம்," என்றாள் வேரா மூச்சுவாங்க. "ஒருத்தரும் குடுக்கேல்லையாம். இஞ்சை ஒருத்தர் கேளாமலே உலகம் முழுக்கக் குடுத்திருக்கிறாராம். அச்சிலை, ரெண்டாயிரம் வருசப் பாசையிலை. இன்னும் பத்து கார்ட் வேணுமாம். ஒண்டு மந்திரிக்கு. ஒண்டு பேராசிரியனுக்கு, பதிவுத் தபாலிலை. நான்காம் வேற்றுமை வேணுமெண்டவன் நான்காம் வேற்றுமையைத் தின்னட்டாம்."

"அப்ப கலியாணத்துக்கு?"

வேரா கேட்டாள். கலீனா விரலொன்றை உயர்த்தினாள். அருங்காட்சியகத்துக்காரி திரும்பி வந்துவிட்டாள்.

"பிழையான அச்சு ஆதாரம் ஆகாதாம் மாமா. அந்தப் பேராசிரியன் உடனை ஒரு தமிழ் ஆளைப் பிடிச்சுப் பிழை எண்டு சொல்லுவிப்பானாம். நீங்கள் படிச்ச ஆசிரியர். இந்த வரியிலை இலக்கணப் பிழை இல்லையெண்டு எழுதிக் கையெழுத்து வையுங்கோ. வைச்சால் வாறாவாம், முன் கதிரையிலை இருப்பாவாம். பிழையெண்டால் பிழையான கார்டுக்குத் தான் வரமாட்டாவாம்."

வெள்ளைத்தாள் ஒன்றும் பேனையும் அவர் முன் வந்தன.

சண்முகநாதர் தாளைப் பார்த்தார். வேராவைப் பார்த்தார். அவள் நாற்காலி முதுகை இன்னும் இறுக்கிக்கொண்டிருந்தாள். தம் வாழ்நாளில் ஒரு பிழையைச் சரியென்று எழுதிக் கொடுத்ததில்லை. பிரதிக் கல்விப் பணிப்பாளரின் சுற்றறிக்கையையே சிவப்பு மையில் திருத்தித் திருப்பியனுப்பிப் பதவி உயர்வை இழந்தவர் அவர். பேனை மூடியைக் கழற்றினார், மாட்டினார், மறுபடி கழற்றினார்.

இலக்கணத்தின் ஒரு மூலையில் ஒரு விதி உண்டு. ஒரு வேற்றுமை உருபு தன் பொருளை விட்டு வேறொரு வேற்றுமையின் பொருளில் வருமாயின், அதைப் பிழையென்னாது உருபு மயக்கம் என்று அமைத்துக்கொள்ளலாம். பழைய புலவர்களுக்காக ஏற்பட்ட சலுகை. பரீட்சையில் அதைச் சாக்காகச் சொன்ன மாணவன் எவனுக்கும் சண்முகநாதர் அரைப் புள்ளிகூட அளித்ததில்லை. 'மயங்கினது உருபில்லை, நீதான்' என்று விடைத்தாளில் எழுதுவது அவர் வழக்கம்.

அவர் எழுதினார்: 'மேற்படி தொடரில் பிழை இல்லை. இரண்டாம் வேற்றுமை வரவேண்டிய இடத்து நான்காம் வேற்றுமை வந்தது உருபு மயக்கம். சி. சண்முகநாதன், ஓய்வுபெற்ற தமிழாசிரியர்.'

எழுத்துகள் சற்றே கோணின. தாளை நீட்டினார். நெற்றியில் வியர்வை துளிர்த்திருந்தது.

"என்ன மாமா எழுதினனீங்கள்? அம்மாவுக்குச் சொல்லவேணும்."

"பிழை இல்லை, பிள்ளை. இது மயக்கம்."

"மயக்கமோ!" வேரா பாய்ந்து வந்து அவருடைய மணிக்கட்டைப் பிடித்தாள். "அசையாதையுங்கோ மாமா. தலையைக் குனியுங்கோ. காலமை சாப்பிட்டனீங்களோ? பிரசருக்குக் குளிசை போட்டனீங்களோ?"

"எனக்கில்லைப் பிள்ளை, உருபுக்கு…"

"கதையாதையுங்கோ. மூச்சை நல்லாய் இழுங்கோ."

அவர் குனிந்திருந்தார். தலைக்கு மேல் உருசிய மொழியில் உரத்த கலந்துரையாடல் நடந்தது. கலீனா ஓடிப்போய் அவரைத் துவாலையால் விசிறினாள். விசிறிக்கொண்டே, மற்றக் கையால் சான்றிதழை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினாள்.

"அம்மா கேக்கிறா, மாமா," என்றாள் வேரா, நாடித்துடிப்பை எண்ணியபடியே. "கலியாணத்துக்குத் தானும் சீலைதான் உடுக்க வேணுமோவாம்? நீலம் எண்டால் பரவாயில்லையோவாம்?"

"நீலம் நல்லது," என்றார் சண்முகநாதர், தரையைப் பார்த்தபடி. "வேற்றுமைக்குத்தான் எட்டு, சீலைக்கு எட்டு முழம் போதாதெண்டு மட்டும் சொல்லும்."